மழை நாளில் மேப் சுத்திக்கிட்டே இருக்கா? சர்வரில் எந்த ஜாவா ஓடுதுன்னு கேளுங்க

தோவாளை பூச்சந்தை விடியும் முன்பே கூடிவிடும். ஆரல்வாய்மொழி, செண்பகராமன்புதூர் பக்கத்துப் பிச்சியும் மல்லியும், ஓசூர், திண்டுக்கல் என்று தூரத்திலிருந்து வண்டியில் வரும் பூக்களும் இங்கே இறங்கி, அன்றைக்கே கேரளாவுக்கும் போய்ச் சேரணும். பூ யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்தால் பலரும் முதலில் போனைத்தான் எடுக்கிறார்கள். மாவட்டத்துக்கு என்ன நிற எச்சரிக்கை, எந்தக் குளம் நிரம்பியிருக்கு, எந்த ரோட்டில் தண்ணீர்?

அந்த நேரம் பார்த்து மேப் திறக்காது. நடுவில் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். 'நெட் ஸ்லோ' என்று நினைத்து போனைத் தூக்கிப் பிடிப்போம். பல சமயம் சிக்கல் நம்ம பக்கத்தில் இல்லை. மழை இல்லாத நாளில் நூறு பேர் பார்க்கும் மேப்பை அன்றைக்கு மாவட்டமே ஒரே நேரத்தில் திறக்கிறது, சர்வர் திணறுகிறது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலும் 2021 நவம்பர் வெள்ளமும் பார்த்த மாவட்டம் இது. இங்கே மேப் என்பது பொழுதுபோக்கு ஆப் இல்லை.

சரி, இதற்கும் ஜாவாவுக்கும் என்ன சம்பந்தம்?

நம் திரைக்கு வரைபடத்தை வரைந்து அனுப்பும் மென்பொருளுக்கு மேப் சர்வர் என்று பெயர். அரசு நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் மேப் சர்வர்களில் ஒன்று ஜியோசர்வர். 2001-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஓபன் சோர்ஸ் திட்டம், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கை வரைபடத்துக்குத் தரவு வரும் இணைய முகவரியிலேயே 'ஜியோசர்வர்' என்ற சொல் இருப்பதை டெவலப்பர்கள் பலர் பார்த்திருப்பார்கள். கன்னியாகுமரி இன்று மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா என்பதை அப்படி ஒரு சர்வர்தான் சொல்கிறது.

ஜியோசர்வர் ஜாவாவில் எழுதப்பட்டது. ஜாவா நிரல் நேரடியாக ஓடாது, அடியில் ஜேவிஎம் என்ற ஒரு மேடை வேண்டும். யாருடைய ஜேவிஎம், எந்தப் பதிப்பு, எவ்வளவு மெமரி, வேண்டாத நினைவகத்தை எப்படிக் காலி செய்வது என்று யாராவது முடிவெடுக்கணும். நடைமுறையில் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. இன்ஸ்டால் செய்ய வந்தவர் கையில் இருந்த ஜாவாவைப் போடுவார், மேப் தெரியும், பில் பாஸாகும், அவர் கிளம்பிவிடுவார். பொதுப்பணத்தில் ஓடும் மேப்புக்கு இந்த முடிவை ஒரு இன்ஜினியரின் பழக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது, டெண்டரிலேயே எழுதணும் என்பது நம் வாதம். ஏன் என்று பார்ப்போம்.

மீன் பெயரில் ஒரு வேகக் கதை

நீங்கள் மேப்பை இரண்டு விரலால் பெரிதாக்குகிறீர்கள். சர்வர் டேட்டாபேஸிலிருந்து அந்தப் பகுதியின் ரோடு, கால்வாய், குள எல்லைகளை எடுக்கும். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான புள்ளிகள். அவற்றைக் கோடாக்கி, நிறம் பூசி, ஓரங்கள் படிக்கட்டு மாதிரித் தெரியாமல் மென்மையாக்கி, பிஎன்ஜி படமாக அனுப்பும். இந்த மென்மையாக்கும் வேலைதான் பிராசசரை நன்றாகத் தின்னும். கால்வாய் மாதிரி வளைந்து நெளிந்து போகும் எதை வரைந்தாலும் இந்த வேலை கூடும்.

அதைச் செய்யும் பகுதி ஜாவாவுக்குள்ளேயே இருக்கிறது. பத்துப் பதினைந்து வருடம் முன்னால் இங்கேதான் பெரிய வித்தியாசம் இருந்தது. ஆரக்கிள் (அதற்கு முன் சன்) கொடுத்த ஜாவாவில் டக்டஸ் என்ற வரைவி. அது மூடிய மென்பொருள் என்பதால், இலவசமாக வந்த ஓபன்ஜேடிகே-யில் பைசிஸ் என்ற வேறொன்றைப் போட்டார்கள். பைசிஸ் மெதுவாக வரைந்தது, பல கோரிக்கைகள் ஒன்றாக வரும்போது இன்னும் திணறியது. அதனால்தான் அந்தக் காலத்து ஜியோசர்வர் கையேடுகளில் 'ஆரக்கிள் ஜாவாவையே போடுங்கள்' என்ற அறிவுரை இருந்தது. அன்றைக்கு அது சரி.

பிறகு பிரான்சின் லோரான் பூர்ஜெஸ் என்ற டெவலப்பர் பைசிஸை எடுத்துத் திருத்தி மார்லின் என்று ஒன்றை உருவாக்கினார். மேப் சர்வர் வரையும் கோடுகளையே சோதனைப் பொருளாக வைத்து வேகத்தை அளந்தார்கள். (பைசிஸ் என்றால் மீன ராசி, மார்லின் வேகமாக நீந்தும் ஒரு கடல் மீன். பெயர் வைத்தவருக்கு மீன் ரொம்பப் பிடிக்கும் போல.) 2017 செப்டம்பரில் வந்த ஜாவா 9 முதல் ஓபன்ஜேடிகே-யின் இயல்பான வரைவி மார்லின்தான்.

அதாவது, வேகத்துக்காகக் காசு கொடுத்து ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் ஜாவாவை வாங்கும் காரணம் அன்றோடு போய்விட்டது. ஆனால் பழைய அறிவுரை மட்டும் காப்பி பேஸ்ட் ஆகி இன்னும் சுத்துகிறது. யாராவது 'மேப் சர்வரா? ஆரக்கிள்தான் சார் ஃபாஸ்ட்' என்று சொன்னால், எந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்தீங்கன்னு கேளுங்க.

இலவசம் எது, பில் வருவது எது

இதில் பணமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் ஆரக்கிள் தன் ஜாவா 8-இன் புதிய அப்டேட்டுகளை வணிகப் பயன்பாட்டில் ஓட்ட சந்தா கேட்கிறது. 2023 ஜனவரியில் சந்தாவின் கணக்கு முறையே மாறியது: எத்தனை சர்வரில் ஜாவா ஓடுகிறது என்பதை விட்டுவிட்டு, நிறுவனத்தில் மொத்தம் எத்தனை பணியாளர் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு மேப் சர்வர் வைத்திருக்கும், ஆனால் ஆயிரம் பேர் வேலை செய்யும் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். யாரோ பழக்கத்தில் டவுன்லோடு செய்த ஒரு ஃபைலுக்கு பிறகு ஆடிட்டில் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம்.

மாற்று எளிது. எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ, அசுல் சூலு, லினக்ஸ் விநியோகங்களோடு வரும் ஓபன்ஜேடிகே எல்லாமே ஒரே மூல நிரலிலிருந்து கட்டப்பட்டவை. மேப் வரையும் வேகத்தில் இவற்றுக்குள் உங்களால் கண்ணால் கண்டுபிடிக்க முடிகிற வித்தியாசம் இருக்காது. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பாக இருக்கணும், அவ்வளவுதான். ஜாவா 17 (2021), ஜாவா 21 (2023) அந்த வகை. ஜியோசர்வரின் புதிய பதிப்புகள் ஜாவா 17-ஐக் கேட்கின்றன, அதனால் இன்றைக்குப் புதிதாகப் போடுபவருக்கு 17 பத்திரமான தேர்வு.

ஒரு ஜிபி எவ்வளவு பேரைத் தாங்கும்?

அடுத்தது மெமரி. பெரும்பாலான தடுமாற்றம் நடப்பது இங்கேதான்.

ஜாவா நிரல் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் நினைவகத்துக்கு ஹீப் என்று பெயர். எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை என்றால், ஜேவிஎம் கணினியின் மொத்த மெமரியில் கால் பங்கை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும். 4 ஜிபி கிளவுட் மெஷினில் அது 1 ஜிபி.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு போன் திரை 1080-க்கு 2400 புள்ளி என்று வைப்போம். மேப்பை முழுத்திரைப் படமாகக் கேட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் 4 பைட். பெருக்கினால் ஒரு படம் வரைய சுமார் 10 எம்பி. நூறு பேர் ஒரே நொடியில் கேட்டால் 1 ஜிபி. தரவு, ஃபான்ட், டேட்டாபேஸ் இணைப்புகள் என்று மற்ற எதையும் கணக்கில் சேர்க்காமலே ஹீப் காலி. தோவாளைச் சந்தையில் மட்டும் நூறு பேர் போன் பார்க்க எவ்வளவு நேரமாகும்?

எக்ஸ்எம்எக்ஸ் என்ற அமைப்பில் ஹீப் அளவை நாமே எழுதி வைக்கலாம். டாக்கரில் ஓட்டுபவர்கள் மொத்த மெமரியில் இத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். நடுத்தர அளவு மேப் சேவைக்கு 2 முதல் 4 ஜிபி நல்ல தொடக்கம். 'பெரிசா கொடுத்தா வேகம்' என்று எல்லா மெமரியையும் ஜாவாவுக்கே தூக்கிக் கொடுப்பதும் தப்பு. அதே மெஷினில் டேட்டாபேஸும் ஓடினால் அது பட்டினி கிடக்கும், படங்களை டிஸ்கிலிருந்து படிக்க ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் இடம் வேண்டும்.

டாக்கரில் இன்னொரு குழி உண்டு. 2018 அக்டோபரில் வந்த அப்டேட் 191-க்கு முந்தைய ஜாவா 8, டாக்கர் போட்ட வரம்பை இயல்பாகப் பார்க்காது. 64 ஜிபி மெஷினில் 4 ஜிபி மட்டும் கொடுத்து ஓட்டினால், தனக்கு 16 ஜிபி வரை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வளரும். 4 ஜிபியைத் தாண்டும் நொடியில் சிஸ்டம் அதைக் கொன்றுவிடும். லாகில் ஒரு வரி பிழை கூட இருக்காது. 'சும்மா சும்மா நின்னு போகுது சார்' என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இருப்பது இதுதான்.

கடை பெருக்கும் நேரம்

சந்தையில் வியாபாரம் நடக்க நடக்கக் கீழே நார், காம்பு, வாடிய பூ சேரும். அவ்வப்போது பெருக்கணும். ஜாவாவிலும் அப்படி. வரைந்து முடித்த படங்களின் நினைவகத்தை ஜேவிஎம் தானே பெருக்கித் தள்ளும். பெருக்கும்போது கடையை மூடுகிறதா, வியாபாரம் நடக்கும்போதே ஓரமாகப் பெருக்குகிறதா என்பதுதான் விஷயம்.

ஜாவா 9 முதல் இயல்பாக வருவது ஜி1 முறை. ஒரு தடவைக்கு நிற்கும் நேரம் சுமார் 200 மில்லி நொடிக்குள் இருக்கப் பார்க்கும். ஆனால் மெஷினில் ஒரே ஒரு பிராசசர் கோர் இருந்தாலோ, மெமரி 2 ஜிபிக்கும் கீழே இருந்தாலோ, ஜேவிஎம் அதைச் சின்ன மெஷின் என்று முடிவு செய்து, எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு ஒற்றை ஆளாகப் பெருக்கும் சீரியல் முறைக்குப் போய்விடும். பட்ஜெட்டைக் குறைக்க மிகச் சின்ன கிளவுட் மெஷினை எடுப்பவர்கள் தெரியாமலே இதையும் சேர்த்து வாங்குகிறார்கள். கோர் இரண்டுக்குக் குறையாமல் எடுங்கள்.

ஜி1-ஆ, பேரலலா, இசட்ஜிசி-யா என்று டெவலப்பர்கள் டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுவார்கள். 4 ஜிபி ஹீப்பில் மேப் வரைபவர்களுக்கு இந்த விவாதத்தில் கிடைக்கும் லாபம் குறைவு. ஜி1-ஐ அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். அதைவிட ஜியோசர்வர் கையேடு சொல்லும் இன்னொரு அமைப்பு பலன் தரும். ஒருமுறை திறந்த தரவு இணைப்புகளையும் வரைபட அளவீட்டு முறைகளையும் ஜியோசர்வர் 'சாஃப்ட் ரெஃபரன்ஸ்' என்ற தளர்வான பிடியில் வைத்திருக்கும். காலியாக இருக்கும் ஒவ்வொரு எம்பிக்கும் 1 நொடி என்ற கணக்கில்தான் ஜாவா அவற்றை விட்டுவைக்கும். கையேடு அதை 36 நொடியாக உயர்த்தச் சொல்கிறது. இல்லாவிட்டால் திறந்ததையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருக்கும்.

பழைய அமைப்பு ஃபைலை அப்படியே புதிய ஜாவாவுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தையும் விடணும். சிஎம்எஸ் என்ற பெருக்கும் முறை ஜாவா 14-இலேயே நீக்கப்பட்டது. பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதி ஜாவா 8-இலேயே இல்லை. இரண்டையும் கேட்கும் வரிகள் இன்னும் பல ஃபைல்களில் கிடக்கின்றன.

கட்டி வைத்த மாலை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு உண்மையைச் சொல்லணும். ஜாவாவை எவ்வளவு செதுக்கினாலும் கிடைக்கும் வேகத்தை விட, வரையாமலே இருப்பதில் கிடைக்கும் வேகம் பல மடங்கு.

ஓணம் நேரத்தில் ஆள் வந்து நின்ற பிறகு பூவை எடுத்து மாலை கட்ட ஆரம்பித்தால் என்ன ஆகும்? எல்லாரும் கேட்கும் மாலை முன்கூட்டியே கட்டித் தொங்கும். மேப்பிலும் அதேதான். மேப்பை 256-க்கு 256 புள்ளிச் சதுரங்களாக வெட்டி, வரைந்து, டிஸ்கில் வைத்துவிடலாம். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். ஜியோசர்வருக்குள்ளேயே ஜியோவெப்கேஷ் என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது.

'அதுக்கு டிஸ்க் எக்கச்சக்கமா வேணுமே' என்பார்கள். உலகம் முழுக்க என்றால் உண்மைதான். ஜூம் 18-இல் உலகத்துக்குச் சுமார் 6,870 கோடி சதுரங்கள். ஆனால் நமக்கு உலகம் எதுக்கு? கன்னியாகுமரி மாவட்டம் சுமார் 1,680 சதுர கிலோமீட்டர். நம் அட்சரேகையில் ஜூம் 18 சதுரம் ஒன்றின் பக்கம் ஏறக்குறைய 150 மீட்டர். கணக்குப் போட்டால் 75 ஆயிரத்தை ஒட்டி வரும். அதற்கு மேலுள்ள ஜூம்களையும் சேர்த்தால் ஒரு லட்சம். ஒன்றுக்கு 15 கேபி என்று வைத்தாலும் மொத்தம் 1.5 ஜிபி. ஒரு சினிமா அளவு! மாவட்டத்தின் முழு மேப்பும் பழைய பென் டிரைவில் அடங்கும்போது, மழை நாளில் ஒவ்வொரு போனுக்கும் தோவாளைத் தாலுகா எல்லையைப் புதிதாக வரைந்துகொண்டிருப்பது வீண் செலவு.

எச்சரிக்கை நிறம், குள நீர்மட்டம் போன்ற மாறும் தரவை மட்டும் உடனுக்குடன் வரையலாம். அதில் கோடுகள் குறைவு, சர்வருக்குச் சுமையும் குறைவு. ரோடு, கால்வாய், எல்லை எல்லாம் கட்டி வைத்த மாலையாக இருக்கட்டும். மாறும் தரவைத் தெரியாமல் கேஷில் போட்டுவிடாதீர்கள். நேற்றைய மஞ்சள் எச்சரிக்கை இன்றைய சிவப்பை மறைத்துவிட்டால், மெதுவான மேப்பை விட அது ஆபத்து.

கூடவே 'கண்ட்ரோல் ஃப்ளோ' என்ற கூடுதல் மாட்யூலையும் போடலாம். ஒரே நேரத்தில் எத்தனை படம் வரையலாம் என்று வரம்பு வைத்து, மற்றவர்களை வரிசையில் நிறுத்தும். கோர் எண்ணிக்கையின் இரண்டு மடங்குக்கு மேல் ஒன்றாக வரைந்து லாபமில்லை. வரிசை இருந்தால் கடைசி ஆளுக்கு மூன்று நொடி தாமதமாகும். வரிசை இல்லாவிட்டால் முதல் ஆளுக்கும் மேப் வராது.

பழைய ஜாவா, திறந்த கதவு

வேகத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை தொடக்கத்தில் ஜியோசர்வரில் சிவிஇ-2024-36401 என்ற ஓட்டை அறிவிக்கப்பட்டது. தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. பாஸ்வேர்டு, லாகின் எதுவும் வேண்டாம், மேப் கேட்பது போல ஒரு கோரிக்கையை அனுப்பியே சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். அது உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுகிறது என்று அமெரிக்க இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா ஜூலை 15-ஆம் தேதி பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே, ஜூலை 11 அன்று, ஓர் அமெரிக்க அரசுத் துறையின் ஜியோசர்வர் வழியாக ஊடுருவல் நடந்துவிட்டது. பேட்ச் வெளியான பிறகுதான் நடந்தது, மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை என்று 2025 செப்டம்பரில் சிசாவே விவரித்தது.

இதில் ஜாவா எங்கே வருது? அன்று அறிவித்த திருத்தப் பதிப்புகள் 2.23.6, 2.24.4, 2.25.2. ஜியோசர்வர் 2.23 முதல் ஜாவா 8-இல் ஓடாது, குறைந்தது 11 வேண்டும். ஜாவா 8-லேயே உட்கார்ந்திருந்தவர்கள் அவசரத்தில் முதலில் ஜாவாவை மாற்றி, அதன் பிறகு ஜியோசர்வரை மாற்றி, பழைய அமைப்பு வரிகள் ஓடாமல் முழித்து, பிறகுதான் கதவைச் சாத்த முடியும். சிக்கலான ஒரு ஜார் ஃபைலை நீக்கும் தற்காலிக வழியும் இருந்தது. ஆனால் அதைச் செய்யவும் சர்வரைக் கவனிக்கும் ஆள் இருக்கணும். 'ஓடுற வரைக்கும் தொடாதே' என்பது நம் ஊர் ஐடி உலகின் பொன்மொழி. இணையத்தில் திறந்து வைத்த மேப் சர்வருக்கு அது பொருந்தாது.

அதனால் டெண்டரில் என்ன எழுதணும்? ஆதரவு உள்ள நீண்டகால ஜாவா பதிப்பு, அதன் ஆதரவு முடியும் தேதி, அதற்கு முன் மாற்றிக்கொடுக்கும் பொறுப்பு யாருக்கு என்ற வரி. ஹீப் அளவையும் அதற்கான கணக்கையும் எழுத்தில் கேட்கணும். பேட்ச் வெளியான எத்தனை நாளுக்குள் போடணும் என்பதும் வேண்டும். 'உயர்தர சர்வர், அதிவேக செயல்பாடு' போன்ற வரிகளை எடுத்துவிடலாம், அவற்றை வைத்து யாரையும் எதுவும் கேட்க முடியாது.

நாகர்கோவிலிலோ சென்னையிலோ உட்கார்ந்து இப்படி ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளைஞர் நீங்கள் என்றால், செப்டம்பரில் ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். போன மழைக்காலத்தில் அதிகம் பேர் வந்த நாளின் லாகை எடுத்து, அதிலுள்ள கோரிக்கைகளையே ஜேமீட்டர் மூலம் ஒரு டெஸ்ட் சர்வருக்கு அனுப்புங்கள். 50 பேர், 200 பேர், 500 பேர் என்று ஏற்றிக்கொண்டே போய், எந்த எண்ணில் வட்டம் சுத்த ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹீப்பை மாற்றி ஒருமுறை, கேஷைப் போட்டு ஒருமுறை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஜேமீட்டரும் ஜாவாதான், காசு கிடையாது. அந்த மூன்று எண்களோடு மேலதிகாரியிடம் போய் நிற்கலாம்.